மகிழுந்துச் சாய்தளம்: வரலாறும் பாதுகாப்பும்

மகிழுந்துச் சாய்தளம் என்பது மகிழுந்தின் முன் சக்கரங்களையோ பின் சக்கரங்களையோ தரையிலிருந்து உயர்த்தி நிறுத்தப் பயன்படும் ஆப்பு வடிவக் கருவியாகும். இரண்டு தளங்கள் சேர்ந்தது ஓர் இணை. ஒவ்வொரு தளத்திலும் சரிவான ஏறுபகுதி, அதன் முடிவில் சக்கரம் அமரும் மட்டமான மேடை, சக்கரம் மேடையைத் தாண்டிவிடாமல் தடுக்கும் விளிம்பு ஆகிய மூன்றும் இருக்கும். வண்டி தன் சொந்த எஞ்சினின் ஆற்றலாலேயே இதன்மீது ஏறி நிற்கும். வீட்டுக் கொட்டகையில் எஞ்சின் எண்ணெய் மாற்றுவது, புகைபோக்கிக் குழாயைப் பார்ப்பது, அடிச்சட்டத்தில் துருப் பிடித்திருக்கிறதா எனச் சோதிப்பது போன்ற வேலைகளுக்கு இது பயன்படுகிறது.

வண்டியின் அடியில் மனிதர் படுத்து வேலை செய்யும் வழக்கம் மகிழுந்தின் வரலாறு அளவுக்கே பழமையானது. அந்த வழக்கம் உயிர்களையும் வாங்கியிருக்கிறது. இத்தகைய விபத்துகளில் பலவற்றுக்கு அடிப்படை ஒரே குழப்பம்தான்: வண்டியைத் தூக்குவது ஒரு வேலை, தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்பது வேறொரு வேலை. முதல் வேலைக்காகச் செய்யப்பட்ட கருவியை இரண்டாவது வேலைக்கும் நம்பும்போது ஆபத்து தொடங்குகிறது. சாய்தளத்தின் வரலாறு இவ்விரண்டையும் பிரித்தறிய மனிதர் கற்றுக்கொண்ட வரலாறும் ஆகும்.

தூக்கும் கருவிகளின் முன்வரலாறு

பெரும் பாரத்தைச் சிறு விசையால் உயர்த்தும் கருவிகள் மகிழுந்துக்கு முன்பே இருந்தன. திருகு மரையைச் சுழற்றிப் பாரத்தை உயர்த்தும் முறை ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் வழக்கில் இருந்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த யோசப் பிராமா 1795ஆம் ஆண்டில் நீரழுத்த எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். சிறிய உருளையில் கொடுக்கும் அழுத்தம் நீர்மத்தின் வழியே பெரிய உருளைக்குச் சென்று பன்மடங்கு விசையாக மாறும் என்பதே அதன் அடிப்படை. இசுக்கொட்லாந்தில் பிறந்து நியூயார்க்கில் தொழில் செய்த ரிச்சர்டு டட்சன் 1851ஆம் ஆண்டில் இதே கொள்கையில் இயங்கும், கையால் எடுத்துச் செல்லத்தக்க நீரழுத்தத் தூக்கிக்குக் காப்புரிமை பெற்றார். இன்று தமிழ்நாட்டுப் பட்டறைகளில் ‘ஜாக்கி’ என அழைக்கப்படும் எண்ணெய் அழுத்தத் தூக்கிகள் இந்த வழியில் வந்தவையே.

இக்கருவிகள் பாரத்தை உயர்த்துவதற்காக உருவானவை. நீரழுத்தத் தூக்கியில் பாரத்தைத் தாங்கி நிற்பது உள்ளே அடைபட்ட எண்ணெயும் அதைக் கசியவிடாமல் காக்கும் அடைப்பு வளையமும் மட்டுமே. வளையம் தேய்ந்தாலோ அடைப்பிதழில் தூசி சிக்கினாலோ எண்ணெய் மெல்லக் கசிந்து பாரம் கீழிறங்கும். அப்படி இறங்கும் தூக்கியின் அடியில் ஒரு பெட்டி இருந்தால் பெட்டி நசுங்கும். மனிதர் இருந்தால் உயிர் போகும்.

குழியும் மேடையும்

தொடக்கக் கால மகிழுந்துகளுக்கு அடிப்பகுதிப் பராமரிப்பு அடிக்கடி தேவைப்பட்டது. 1908ஆம் ஆண்டில் ஃபோர்டு நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த மாடல் டி மகிழுந்தில் எண்ணெய் அளவு காட்டும் குச்சி கிடையாது. எஞ்சினின் பின்னால், சுழற்சக்கர உறையின் கீழ்ப்பகுதியில் மேலும் கீழுமாக இரண்டு சிறு திருகுக் குழாய்கள் இருந்தன. அவற்றைத் திறந்து எண்ணெய் சொட்டுகிறதா எனப் பார்த்தே அளவை அறிய முடியும். எனவே எண்ணெய் அளவை அறிவதற்கே உரிமையாளர் வண்டியின் அடியில் நுழைய வேண்டியிருந்தது. 1927ஆம் ஆண்டு வரை இவ்வகை வண்டிகள் 1.5 கோடிக்கும் மேல் தயாரிக்கப்பட்டன. அவற்றை வாங்கியவர்களில் பலர் மெக்கானிக் எளிதில் கிடைக்காத ஊர்ப்புறங்களில் வாழ்ந்த உழவர்கள். வண்டியை ஓட்டியவர்களே அதைப் பழுது பார்க்கவும் கற்றுக்கொண்டார்கள்.

அக்காலத்தில் வண்டியின் அடியைக் காண இரண்டு வழிகள் இருந்தன. மனிதர் கீழே இறங்குவது ஒன்று. வண்டியை மேலே ஏற்றுவது மற்றொன்று.

முதல் வழி குழி. பிரித்தானியாவில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செல்வர்கள் கட்டிய வண்டிக்கொட்டகைகள் பலவற்றில் தரையில் நீள்சதுரக் குழி ஒன்று வெட்டப்பட்டிருக்கும். வண்டி அதன் மேலே நிற்க, ஓட்டுநர் குழிக்குள் நின்றபடி வேலை செய்வார். இங்கு வண்டி நான்கு சக்கரங்களிலும் தரையிலேயே நிற்பதால் அது மேலே விழும் அச்சம் இல்லை. ஆனால் குழிக்கு வேறோர் ஆபத்து உண்டு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோடு பரவிக் குழிக்குள் தேங்கும். சிறு தீப்பொறி பட்டாலும் குழியே வெடிக்கும். காற்றோட்டமற்ற குழியில் எஞ்சின் புகையும் தேங்கி நச்சாகும்.

இரண்டாவது வழி மேடை. அமெரிக்காவில் தொடக்கக் கால எரிபொருள் நிலையங்களின் ஓரத்தில் மரத்தாலோ இரும்பாலோ கற்காரையாலோ கட்டிய நிலையான ஏற்றுமேடைகள் இருந்தன. வண்டியை அதன்மேல் ஓட்டி நிறுத்திவிட்டு, கீழே நின்று கிரீஸ் அடிப்பார்கள். அக்கால வண்டிகளில் கிரீஸ் இடவேண்டிய இணைப்புகள் பல இருந்தன. ஏறத்தாழ 1,000 மைலுக்கு ஒருமுறை அவற்றைக் கவனிக்க வேண்டியிருந்தது. இன்றைய வீட்டுச் சாய்தளம் இந்த நிலையான மேடையின் சிறிய, எடுத்துச் செல்லத்தக்க வடிவமே.

1920களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் மெம்பிசு நகரைச் சேர்ந்த பீட்டர் லுனாட்டி, தரையில் புதைத்த உருளையால் முழு வண்டியையும் உயர்த்தும் தூக்கியை உருவாக்கினார். முடிதிருத்தும் கடையில் உயர்ந்து தாழும் நாற்காலியைக் கண்டே அவருக்கு அந்த எண்ணம் தோன்றியதாகச் சொல்லப்படுகிறது. இதன் பிறகு பணிமனைகளின் நிலை மாறியது. பிற்காலத் தூக்கிகளில், அழுத்தம் குறைந்தாலும் வண்டி இறங்காமல் தடுக்கும் இரும்புப் பூட்டு இடம்பெற்றது. தூக்குவது எண்ணெய், தாங்குவது இரும்பு என்ற பிரிவினை பணிமனையில் இவ்வாறு நிலைபெற்றது. வீட்டுக் கொட்டகைக்கு அந்தப் பாதுகாப்பு உடனே வந்து சேரவில்லை.

வீட்டுக் கொட்டகைக்கு வந்த வேலை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மகிழுந்து நடுத்தரக் குடும்பங்களின் உடைமையானது. பிரித்தானியாவில் பழைய வண்டிகளுக்கான கட்டாயச் சோதனை 1960ஆம் ஆண்டில் அறிமுகமானது. தொடக்கத்தில் பத்து ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு மட்டும் இருந்த சோதனை, 1967ஆம் ஆண்டில் மூன்று ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கும் விரிவானது. நிறுத்தி, திருப்பு அமைப்பு, விளக்குகள் ஆகியவை சோதிக்கப்பட்டன. இவற்றில் முதல் இரண்டின் முக்கிய உறுப்புகள் வண்டியின் அடியிலேயே உள்ளன. பழைய வண்டி வைத்திருந்தோர் சோதனைக்கு முன் அடியில் நுழைந்து பார்த்தாக வேண்டிய நிலை ஏற்பட்டது.

அதே காலத்தில் வீட்டுப் பழுதுபார்ப்புக்கு வழிகாட்டும் நூல்களும் வந்தன. ஜான் ஹெய்ன்சு வெளியிட்ட உரிமையாளர் பணிமனைக் கையேடுகளில் முதலாவது, 1966ஆம் ஆண்டில் ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் வண்டிக்காக வெளிவந்தது. ஒரு வண்டியை முழுவதும் பிரித்துப் பூட்டி, ஒவ்வொரு படியையும் படம் எடுத்து விளக்குவது அக்கையேடுகளின் முறை. இதனால் பட்டறை அறிவு பொதுமக்களின் கைக்கு வந்தது. ஆனால் பட்டறையின் தூக்கி கைக்கு வரவில்லை.

வீட்டில் இருந்த கருவி, வண்டியோடு கொடுக்கப்பட்ட ஜாக்கி மட்டுமே. அது சாலையில் டயர் பஞ்சரானால் சக்கரம் மாற்றுவதற்கானது. அமெரிக்க வண்டிகளில் பல ஆண்டுகள் வழக்கில் இருந்த பம்பர் ஜாக்கி, வண்டியின் பம்பரில் கொக்கி மாட்டி ஒற்றைத் தூணில் உயர்த்தும் வகையைச் சேர்ந்தது. வண்டி சற்று அசைந்தாலும் தூண் சாய்ந்துவிடும். அதை மட்டும் நம்பி அடியில் படுத்தவர்கள் உண்டு. செங்கல்லையும் கற்காரைக் கட்டையையும் அடுக்கி அவற்றின்மீது வண்டியை இறக்கியவர்களும் உண்டு. சுவரில் பாரம் பரவி இறங்குவதால் கல் தாங்குகிறது. வண்டியின் அச்சு ஒரு சிறு இடத்தில் அழுத்தும்போது அதே கல் எந்த முன்னறிவிப்புமின்றி நொறுங்கும். இரும்பு வளையும், கல் வளையாது, உடையும்.

இச்சூழலில், இரும்புத் தகட்டையும் கோணச்சட்டத்தையும் கொண்டு செய்த சாய்தள இணைகள் வீட்டுப் பயனாளர்களிடையே பரவின. இதில் ஜாக்கியின் அடைப்பு வளையமோ ஒற்றைத் தூணோ இல்லை. வண்டியைத் தூக்குவது அதன் எஞ்சின். தாங்குவது அசையாத இரும்பு மேடை. தூக்கும் வேலையும் தாங்கும் வேலையும் இயல்பாகவே இங்குப் பிரிந்துவிடுகின்றன. சாய்தளத்தின் சிறப்பு இதுவே.

சோவியத் ஒன்றியத்தில் இதே தேவை வேறு வடிவம் எடுத்தது. டொலியாட்டி நகரில் 1970ஆம் ஆண்டில் சிகுலி வண்டிகளின் உற்பத்தி தொடங்கிய பின் தனியார் மகிழுந்துகள் பெருகின. பழுதுபார்க்கும் நிலையங்கள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. கூட்டுறவு முறையில் வரிசையாகக் கட்டிய கொட்டகைகளில் பலர் தங்களுக்கெனக் குழி வெட்டிக்கொண்டார்கள். நெடுஞ்சாலை ஓரங்களில் எவரும் வண்டியை ஏற்றிப் பார்க்கத்தக்க திறந்தவெளி ஏற்றுமேடைகளும் அமைக்கப்பட்டன. பிரித்தானிய வீடுகளில் சாய்தளம் செய்த வேலையை அங்குக் குழியும் பொது மேடையும் செய்தன.

சாய்தளம் இயங்கும் முறை

சாய்தளம் ஜாக்கியின் ஆபத்தைக் குறைத்தது. ஆனால் ஆபத்தை முழுவதும் நீக்கவில்லை. ஆபத்து வேறிடத்துக்கு நகர்ந்தது. மேடைமேல் நின்ற வண்டியைவிட, ஏறிக்கொண்டிருக்கும் வண்டியும் உருளக்கூடிய வண்டியுமே இங்குக் கவனத்துக்குரியவை.

மேடை 17 செ.மீ. உயரமும் ஏறுபகுதியின் அடிநீளம் 55 செ.மீ. அளவும் உள்ள தளம் ஒன்றின் சரிவு ஏறத்தாழ 17 பாகை ஆகும். 1,200 கிலோ எடையுள்ள பின்சக்கர இயக்க வண்டியின் எடையில் பாதி முன் சக்கரங்களில் இருப்பதாகக் கொண்டால், ஒவ்வொரு முன் சக்கரமும் 300 கிலோவைச் சுமக்கிறது. பின் சக்கரங்கள் தள்ள, முன் சக்கரங்கள் தளத்தில் ஏறும்போது ஒவ்வொரு தளமும் ஏறத்தாழ 90 கிலோ எடைக்குச் சமமான விசையால் முன்னோக்கித் தள்ளப்படும். தளத்துக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு இதைத் தாங்க வேண்டும். உலர்ந்த சொரசொரப்பான கற்காரைத் தரையில் பொதுவாகத் தாங்கும். எண்ணெய் படிந்த தரையிலோ வண்ணம் பூசி வழவழப்பான தரையிலோ தளம் வழுக்கி முன்னே ஓடும். சக்கரம் தளத்தின் நுனியைத் தொடும் முதல் கணத்தில் தளத்தின்மீது பாரம் மிகக் குறைவாக இருப்பதால், அப்போதே வழுக்கல் எளிதில் நிகழும்.

முன்சக்கர இயக்க வண்டியில் நிலைமை மாறுகிறது. 1959ஆம் ஆண்டில் வெளிவந்த மினி வண்டியின் வெற்றிக்குப் பின் இவ்வகை பரவலானது. இதில் ஏறும் சக்கரமே இழுக்கும் சக்கரம். மெதுவாக ஏறினால் தளம் முன்னே தள்ளப்படுவது குறைவு. ஆனால் ஆக்சிலரேட்டரைத் திடீரென மிதித்தால் சக்கரம் தளத்தைப் பின்னோக்கி உதைத்துவிடும். எந்த வகை வண்டியானாலும் நிதானமாக ஏறுவதே பாதுகாப்பு என்பதற்கு இதுவே காரணம்.

வண்டி மேடையில் நின்றபின் அதை உருளாமல் பிடித்திருப்பது எது என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலான மகிழுந்துகளில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களில் மட்டுமே செயல்படும். தானியங்கிக் கியர் வண்டிகளில் நிறுத்தக் கியர் இயங்கு சக்கரங்களைப் பூட்டும். முன்பகுதியை ஏற்றி நிறுத்தும்போது தரையில் உள்ள பின் சக்கரங்களை ஹேண்ட் பிரேக் பிடித்திருக்கும். அந்நிலையில் பின்பகுதியையும் ஜாக்கியால் உயர்த்தினால் அந்தப் பிடி போய்விடும். பின்சக்கர இயக்க வண்டியில் கியரும் ஹேண்ட் பிரேக்கும் பின் சக்கரங்களையே பிடிப்பதால், அவை தரையை விட்டதும் முன் சக்கரங்கள் மேடையில் கட்டற்று நிற்கும்; சிறு தள்ளலிலும் வண்டி சரிவில் இறங்கிவிடலாம்.

விபத்துகளும் தரநிலைகளும்

வீட்டில் வண்டி பழுது பார்ப்போரின் இறப்புகளைத் தொகுத்துப் பார்த்த நாடுகளுள் ஆஸ்திரேலியா குறிப்பிடத்தக்கது. அந்நாட்டின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் வெளியிட்ட விவரப்படி, 2000ஆம் ஆண்டுக்குப் பிந்தைய பத்தாண்டு அளவிலான காலத்தில் குறைந்தது 46 பேர் வண்டியின் அடியில் வேலை செய்யும்போது இறந்தனர். ஆண்டுக்குச் சராசரியாக 4 பேர். இறந்த அனைவரும் ஆண்கள். பெரும்பாலான நிகழ்வுகளில் வண்டியைத் தூக்கிய முறையோ தாங்க வைத்த முறையோ தவறாக இருந்தது. ஜாக்கி, ஸ்டாண்டு, எடுத்துச் செல்லும் சாய்தளம் ஆகியவற்றுக்கு அந்நாட்டில் கட்டாயத் தரநிலைகள் உள்ளன. சாய்தளத்துக்கான ஆஸ்திரேலிய, நியூசிலாந்துக் கூட்டுத் தரநிலையின் எண் 2640.

அமெரிக்காவில் எந்திரப் பொறியாளர் சங்கம் இத்தகைய கருவிகளுக்கான தரநிலையை வகுத்துள்ளது. தூக்கும் கருவிகளும் தாங்கும் கருவிகளும் அதில் தனித்தனிப் பகுதிகளாக இடம்பெறுகின்றன. சாய்தளத்துக்கும் ஒரு பகுதி உண்டு.

தரநிலை இருந்தும் கருவி பழுதாகலாம். 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜாக்கி ஸ்டாண்டுகள் திரும்பப் பெறப்பட்டன. தூணின் பற்களில் நாக்கு சரியாகப் பொருந்தாமல், பாரம் அசையும்போது ஸ்டாண்டு திடீரெனத் தாழக்கூடும் என்பது குறை. அவற்றுக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்ட ஸ்டாண்டுகளில் ஒரு பகுதியும் பற்றவைப்புக் குறையால் பின்னர் திரும்பப் பெறப்பட்டது. எந்த ஒரு கருவியையும் தனியாக நம்பக் கூடாது, ஒன்று தவறினால் மற்றொன்று தாங்க வேண்டும் என்ற பணிமனை மரபை இந்நிகழ்வு மீண்டும் உறுதிப்படுத்தியது.

பாதுகாப்பான பயன்பாடு

மேற்கண்ட அனுபவங்களிலிருந்து வீட்டுக் கொட்டகைக்கான நடைமுறைகள் உருவாகியுள்ளன.

தரை: தரை மட்டமாகவும் உறுதியாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். மண் தரையில் தளம் ஒருபக்கம் புதையும். வெயிலில் இளகிய தாரிலும் அழுந்தும். வாசலிலுள்ள சரிவுப் பாதை சாய்தளத்துக்கு ஏற்ற இடமன்று.

தாங்குதிறன்: தளத்தில் குறித்துள்ள எடை ஒரு தளத்துக்கா, இணைக்கா என்பதைப் படித்தறிய வேண்டும். வண்டியின் மொத்த எடையைவிட, ஏற்றப்படும் அச்சின் எடையே இங்கு முக்கியம். டயரின் அகலம் தளத்தின் அகலத்துக்குள் அடங்க வேண்டும்.

ஏறுதல்: இரு தளங்களையும் சக்கரங்களுக்கு நேராக, டயரைத் தொடும்படி வைத்தபின் ஏற வேண்டும். தளம் வழுக்கினால், அதன் நுனியோடு இணைந்த ரப்பர் விரிப்பைச் சக்கரம் முதலில் மிதிக்கும்படி அமைப்பது உதவும். வண்டியின் எடையே தளத்தை இழுத்துப் பிடிக்கும். வழிகாட்டுபவர் பக்கவாட்டில் சற்றுத் தள்ளி நிற்க வேண்டும். வண்டிக்கு முன்னால் நின்றால், வண்டி விளிம்பைத் தாண்டும்போது அவர் சுவருக்கும் வண்டிக்கும் இடையே சிக்குவார்.

நிறுத்துதல்: ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் நிறுத்தி, தரையிலுள்ள இரு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை போட வேண்டும். பின்பகுதியை ஏற்றும்போது தரையில் இருப்பவை ஹேண்ட் பிரேக் பிடிக்காத முன் சக்கரங்கள் என்பதால் கட்டை இன்னும் இன்றியமையாதது. முன்பகுதி சாய்தளத்தில் இருக்கும்போது பின்பகுதியை ஜாக்கியால் உயர்த்துவதைத் தவிர்க்க வேண்டும்.

நுழையும் முன்: வண்டியைப் பக்கவாட்டில் கையால் அழுத்தி அசைத்துப் பார்க்க வேண்டும். அது நகர்ந்தால் மனிதர் வெளியே இருக்கும்போதே நகரட்டும். சக்கரங்கள் மேடையில் இருந்தாலும், உறுதியான அடிச்சட்டப் பகுதிக்குக் கீழே ஸ்டாண்டு வைப்பது இரண்டாம் காவல். கதவு மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிடக் கூடாது. மணமற்ற கார்பன் மோனாக்சைடு மயக்கத்தை முன்கூட்டி உணர்த்தாது. வீட்டில் வேறு எவரேனும் இருக்கும் நேரத்தில் வேலை செய்வதும் பாதுகாப்பின் ஒரு பகுதியே.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் பட்டறைகள் அருகிலேயே இருப்பதாலும் கூலி எட்டும் அளவில் இருப்பதாலும் வீட்டுச் சாய்தளம் பரவலாகவில்லை. எனினும் அதன் பெரிய வடிவம் மக்களுக்குப் புதியதன்று. ‘வாட்டர் சர்வீஸ்’ என்ற பலகையுடன் சாலையோரம் இருக்கும் வண்டி கழுவும் நிலையங்களில், சக்கரங்களுக்கு மட்டும் இடம்விட்டுக் கட்டிய கற்காரை ஏற்றுமேடைகளைக் காணலாம். பேருந்துப் பணிமனைகளிலும் லாரிப் பட்டறைகளிலும் குழி இன்றும் வழக்கில் உள்ளது. லாரி ஓட்டுநர்கள் வண்டியைச் சாலையோரம் நிறுத்தியதும் சக்கரத்துக்குக் கல்லோ கட்டையோ வைப்பதும் இதே பாதுகாப்பு அறிவின் வெளிப்பாடாகும். ஸ்டெப்னி மாற்ற வண்டியோடு தரப்படும் சிறு ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழைவதே இங்குத் தவிர்க்க வேண்டிய முதன்மையான பழக்கம்.

இன்றைய நிலை

20ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து உறுதியான நெகிழிச் சாய்தளங்கள் இரும்புத் தளங்களுடன் சந்தையில் இடம்பிடித்தன. இவை துருப்பிடிப்பதில்லை, எடையும் குறைவு. முன்பகுதி தாழ்ந்த வண்டிகள் இடிக்காமல் ஏறுவதற்காகச் சரிவு குறைந்த நீண்ட தளங்களும் வந்துள்ளன. மறுபுறம், கிரீஸ் இடவேண்டிய இணைப்புகள் இன்றைய வண்டிகளில் பெரும்பாலும் இல்லை. எண்ணெய் மாற்றும் இடைவெளி நீண்டுவிட்டது. மின்சார வண்டிகளில் எஞ்சின் எண்ணெயே கிடையாது. அடியில் நுழைய வேண்டிய தேவை குறைந்துவருகிறது. ஆனால் மின்கலத்தின் எடையால் மின்சார வண்டிகள் கனமாகிவருகின்றன. பழைய சிறு வண்டிக்கு வாங்கிய சாய்தளத்தில் புதிய வண்டியை ஏற்றும் முன், அதில் குறித்துள்ள எடையை மீண்டும் ஒருமுறை பார்ப்பது தேவையாகிறது.